கட்டில் முனையில் இருக்கும் ஜெல்லே போதும், ஆனால் விரல் நுனியில் தொடங்குங்கள்

கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையிலோ செராஸ் பக்கம் முதியோர் இல்லத்திலோ நம்மவரைப் பார்க்கப் போனால், கை கழுவ வார்டு கோடியில் உள்ள சிங்க் வரை நடக்க வேண்டாம். கட்டிலருகே இருக்கும் ஆல்கஹால் ஜெல்லை உள்ளங்கை நிறைய எடுத்து, முதலில் விரல் நுனிகளையும் கட்டைவிரல்களையும் தேய்த்துவிட்டு மற்ற இடங்களுக்குப் போங்கள். அவரைத் தொடும் முன்பும், தொட்ட பின்பும்.

நோயாளியை முதலில் தொடுவது விரல் நுனிதான். அவசரத்தில் பலரும் விட்டுவிடுவதும் அதுவே. ஆல்கஹால் ஈரமாக இருக்கும்போதுதான் கிருமியைக் கொல்லும், அதனால் தானாகக் காயும் வரை 20 முதல் 30 விநாடி தேய்க்கணும். டிஷ்யூவால் துடைத்தால் பாதி வேலை வீண். (சட்டையிலும் துடைக்காதீர்கள்!)

வயிற்றுப்போக்கு உள்ளவரிடம் இந்த ஜெல் செல்லாது. வயிற்றுப்போக்கைத் தரும் கிளாஸ்ட்ரிடியோய்டிஸ் டிஃபிசில் கிருமியின் வித்துகளை (கெட்டியான ஓடு போர்த்திய அதன் வடிவம்) ஆல்கஹால் கொல்லாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோவைரஸிடமும் அது பலவீனம்தான். பேம்பர்ஸ் மாற்றினாலோ கையில் அழுக்கு தெரிந்தாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும்தான், 40 முதல் 60 விநாடி. அப்போது சிங்க் எவ்வளவு தூரமானாலும் நடங்கள்.