காரைக்குடியிலிருந்து பூம்பாறைக்கு: ஸ்வெட்டர் எடுத்தீர்களா?

தை மாதக் கல்யாணத்துக்குச் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருபவர்களின் பெட்டியில் பட்டும் பருத்தியும்தான் இருக்கும். சரி, செட்டிநாட்டுக்கு அது போதும். முற்றமும் ஆத்தங்குடிக் கல்லுமாக நம் வீடுகளே வெயிலை நினைத்துக் கட்டியவை. கல்யாணம் முடிந்ததும், "ரெண்டு நாள் கொடைக்கானல் போய் வரலாமே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அங்கேதான் சிக்கல்.

காரைக்குடி கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டர்கூட இல்லை. கொடைக்கானலைத் தாண்டிச் சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் பூம்பாறையோ ஏறக்குறைய 1,900 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் 6 டிகிரிக்கு மேல் குறையும். ஊரில் 30 என்றால் அங்கே 20கூட இருக்காது. இது பகல் கணக்கு. டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிந்த இரவுகளில் அந்த மலையில் உறைபனியே விழும். குளிர்ந்த காற்று கனம், சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் தங்குவதென்றால் மேட்டில் அறை பாருங்கள்.

போன முறை ஆச்சியும் கூட வந்தார். தலைக்குக் கொண்டுவந்த தேங்காய் எண்ணெய் விடிந்தபோது வெள்ளைக் கட்டியாக நின்றது. வெந்நீரில் பாட்டிலை நிறுத்தித்தான் எடுத்தோம். அப்புறம் தேன்குழல் பாக்கெட். பலூன் மாதிரி உப்பியிருக்க, "கெட்டுப் போச்சோ?" என்று முகர்ந்து பார்த்தார். கெடவில்லை ஆச்சி, மேலே காற்றழுத்தம் குறைவு, அவ்வளவுதான்.

திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகப் போங்கள். விடியற்காலையில் கிளம்பினால் மதியத்துக்கு மேல் இறங்கும் மூடுபனிக்கு முன் மலை ஏறிவிடலாம். 2024 முதல் கொடைக்கானலுக்கு வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். முதல் நாளே பதிந்துவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை மழை, அப்போது வேண்டாம் என்பேன். குல்லாவும் காலுறையும் கட்டாயம். பகல் வெயிலை நம்பி ஏமாறாதீர்கள், சுள்ளென்று அடிக்கும். நிழலுக்குள் போனால் உடனே நடுங்கும்.

படிக்கட்டு வயல்களைப் பார்த்துவிட்டு, குழந்தை வேலப்பரைக் கும்பிட்டு, பூண்டு வாங்குங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பல் சிறிது, காரம் பெரிது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர்கள் மட்டும் காரைக்குடியிலேயே குழம்பு வைத்துத் தீர்த்துவிடுங்கள், விமான நிலையத்தில் விடமாட்டார்கள். கீழே இறங்கும்போது பையை டிக்கியில் வையுங்கள். இல்லாவிட்டால் கல்யாணப் பட்டெல்லாம் பூண்டு வாசம்தான்.