ஒற்றை நிலையா, இரட்டை நிலையா: கனடாவில் முதல் வீடு வாங்கிய திருகோணமலையார் ஸ்னோ புளோவர் வாங்கும் முன்

திருகோணமலையிலிருந்து கனடா சென்று, சில காலம் அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்துவிட்டு, ரொறன்ரோவை அடுத்த பிரம்ரனிலோ ஏஜக்ஸிலோ முதல் வீட்டை வாங்குபவர்கள் அந்த வீட்டோடு ஒரு வேலையையும் பொறுப்பேற்கிறார்கள். அடுக்குமாடியில் ஸ்னோவை அகற்றுவது நிர்வாகத்தின் பாடு. தனிவீட்டில் கார் தெருவுக்கு இறங்கும் பாதையான டிரைவ்வேயைத் துப்புரவாக்காமல் காரை வெளியே எடுக்க முடியாது. நவம்பர் பிறந்ததும் கடையில் நிற்கும் இரண்டு ஸ்னோ புளோவர்களை, அதாவது ஸ்னோவை வாரி எறியும் இயந்திரங்களை, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் ஊரிலுள்ள உவர்மலைக்கும் உப்புவெளிக்கும் அனுப்புவதும், கனடாவில் பல குளிர்காலங்களைக் கழித்துவிட்டு ஊர் திரும்பிய என்னைப் போன்றவர்களிடம் பெற்றோர் அதைக் கொண்டுவந்து காட்டி "தம்பி, இதில் எது நல்லது?" என்று கேட்பதும் இப்போது வழமையாகிவிட்டன. படங்களில் இருப்பவை பெரும்பாலும் இந்த இரண்டுதான்: 21 அங்குல அகலமுள்ள சிறிய ஒற்றை நிலை இயந்திரம் ஒன்று, 24 அங்குல அகலமுள்ள பெரிய இரட்டை நிலை இயந்திரம் ஒன்று. பின்னதன் விலை முன்னதைவிடப் பெருமளவு கூடுதலாக இருக்கும்.

முதலில், இயந்திரம் தேவைதானா என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ரொறன்ரோவில் ஓர் ஆண்டில் சராசரியாகச் சுமார் 110 சென்ரிமீற்றர் ஸ்னோ விழுகிறது. ஒட்டாவாவிலும் மொன்றியலிலும் ஏறத்தாழ அதன் இரு மடங்கு. இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக நிற்கக்கூடிய, ஐந்தரை மீற்றர் அகலமும் பத்து மீற்றர் நீளமும் கொண்ட டிரைவ்வேயில் ஒரே இரவில் 20 சென்ரிமீற்றர் விழுந்தால், அது 11 கன மீற்றர். கன மீற்றருக்கு 100 கிலோ என்று இலேசான புதுப் பனியாகக் கொண்டாலும் ஒரு தொன்னுக்கு மேல் வருகிறது. ஈரப்பனி என்றால் அதன் இரண்டு மூன்று மடங்கு. இளவயதினர் இருவர் இருக்கும் வீட்டில் ஒற்றைக் கார் டிரைவ்வேக்குச் சவள் போதும். ஆனால் பெற்றோருக்கான நீண்டகால விசாவான சுப்பர் விசாவில் வந்திருக்கும் அப்பா சும்மா இருக்கப் பிடிக்காமல் விடியற்காலையில் சவளுடன் இறங்கிவிடுவார் என்றால் கணக்கு வேறு. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும் வேளையில் பழக்கமில்லாத கடும் உழைப்பு இதயத்துக்கு ஆபத்தானது என்று மருத்துவர்கள் ஒவ்வோர் ஆண்டும் எச்சரிக்கிறார்கள். வயது வந்தவர்கள் உள்ள வீட்டில் இயந்திரத்தை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன்.

ஒற்றை நிலை இயந்திரத்தில், இறப்பர் விளிம்பு கொண்ட துடுப்புகள் தரையைத் தொட்டபடியே வேகமாகச் சுழன்று, ஸ்னோவை வாரி, அதே வீச்சில் மேலுள்ள குழாய் வழியாக வெளியே எறிந்துவிடுகின்றன. துடுப்பு தரையை உரசுவதால் தார்த் தரை கறுப்பாகத் தெரியும்வரை சுத்தமாகிறது. அந்த உரசலே வண்டியைச் சற்று முன்னே இழுத்தும் கொடுக்கிறது. நிறை 35 முதல் 50 கிலோ வரையே இருப்பதால் ஒருவரே திருப்பி, கராஜின் மூலையில் நிறுத்திவிடலாம். 20 சென்ரிமீற்றர் வரையான புதுப் பனிக்கு இது தாராளம். சரளைக்கல் பரப்பிய தரைக்கு மட்டும் இதை வாங்கவே கூடாது, ஏனெனில் கற்களையும் சேர்த்து வாரி அயலவரின் கண்ணாடி யன்னலுக்கு எறிந்துவிடும்.

இரட்டை நிலையில் வேலை இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முன்னால் மெதுவாகச் சுழலும் இரும்புத் திருகு பனியை உடைத்து நடுவே திரட்டுகிறது. அதன் பின்னால் வேகமாகச் சுழலும் விசிறி அதைக் குழாய் வழியே வெகுதூரம் வீசுகிறது. கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிக்கார்ட் 1925இல் உருவாக்கி, 1927இல் மொன்றியலை அடுத்த ஊட்ரமொன்ட் நகரசபைக்கு விற்ற வாகனந்தான் இத்தகைய இயந்திரங்களுக்கெல்லாம் முன்னோடி. இது கனடா மண்ணில் பிறந்த பொருள் என்பதில் வியப்பில்லை. இரட்டை நிலை இயந்திரத்தின் சக்கரங்கள் என்ஜினின் வலுவிலேயே உருளும். தம்பலகாமத்து வயலில் லேண்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) பிடித்து நடந்தவர்களுக்கு இதன் கைப்பிடியும் கிளச்சும் உடனே பிடிபட்டுவிடும். நாம் தள்ள வேண்டியதில்லை, அது இழுக்கும் பக்கம் நாம் திசை கொடுத்தால் போதும். இருபுறமும் உள்ள இரும்புச் சப்பாத்துகளை இறக்கி வைத்தால் திருகு தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் என்பதால் சரளைத் தரையிலும் பயன்படும். ஆனால் நிறை பெரும்பாலும் 90 கிலோவுக்கு மேல். பழுதானால் காரின் பின்பெட்டியில் தூக்கிப் போட்டுக் கொண்டுபோக முடியாது.

இவ்வளவும் விற்பனையாளரே சொல்லிவிடுவார். அவர் அழுத்திச் சொல்லாத ஒன்றில்தான் தெரிவு தங்கியிருக்கிறது என்பது என் கருத்து: டிரைவ்வேயின் வாசல். நீங்கள் அதிகாலையில் எழுந்து எல்லாவற்றையும் துப்புரவாக்கிவிட்டுத் தேநீர் குடிக்க உள்ளே போன பின்னர்தான் மாநகரசபையின் வண்டி தெருவை வழித்துக்கொண்டு வரும். அது ஒதுக்கும் பனி உங்கள் வாசலுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு வரம்பாக நிற்கும். அதில் இருப்பது மேலிருந்து விழுந்த வெள்ளைப் பூப்போன்ற பனி அன்று. கார்ச் சக்கரங்கள் மிதித்து இறுகி, உப்பு கலந்து, சாம்பல் நிறத்தில் தேங்காய் அளவுக் கட்டிகளாகக் கிடக்கும். ஓரிரு மணித்தியாலம் விட்டால் ஒன்றோடொன்று உறைந்து ஒட்டிக்கொள்ளும். ஒற்றை நிலை இயந்திரத்தைக் கொண்டு மோதினால் இறப்பர்த் துடுப்பு கடிக்காமல், வண்டி முன்பக்கம் எழும்பி வரம்பின்மேல் ஏறப் பார்க்கும். அப்போது சவளால் கட்டிகளை உடைத்து, பாதி அகலத்தை மட்டும் கொடுத்து, ஓரத்திலிருந்து சிறிது சிறிதாகத் தின்ன விட வேண்டும். இரட்டை நிலை இயந்திரமோ மிகக் குறைந்த கியரில் அதே வரம்பை அரைத்துக்கொண்டு போய்விடும்.

ஆகவே உங்கள் தெருவைப் பாருங்கள். சில நகரசபைகள் இந்த வரம்பைத் தாங்களே அகற்றுகின்றன. சில, முதியோருக்கும் இயலாதோருக்கும் மட்டும் விண்ணப்பத்தின் பேரில் செய்கின்றன. வரம்பு அகற்றப்படும் தெருவில், தார்த் தரையும் இரண்டு கார் அகலமும் உள்ள வீட்டுக்கு, ரொறன்ரோவிலோ மார்க்கம் (Markham) நகரிலோ ஒற்றை நிலையே போதும். மிச்சப் பணத்தை நல்ல சப்பாத்துக்கும் கையுறைக்கும் செலவிடலாம். வரம்பை அகற்ற யாரும் வராத தெருவில், சவள் பிடிக்கக்கூடிய ஒருவர் வீட்டில் இல்லாவிட்டால், இரட்டை நிலை வாங்குவதே முறை. ஜோர்ஜியன் குடாவிலிருந்து எழும் ஈரக்காற்று பனியாகக் கொட்டும் பரி (Barrie) நகரப் பக்கமோ, ஒட்டாவாவோ என்றால் யோசிக்கவே வேண்டாம், இரட்டை நிலைதான். ஆனால் நெருக்கமாக ஒட்டிய வீடுகளில் இரண்டு டிரைவ்வேக்களுக்கு இடையே ஒரு முழப் புல்தரைதான் இருக்கும். பனியைத் தூர வீசும் வலு அங்கே அயலவரின் காரை மூடுவதற்கே உதவும். தெருவுக்கு எறிந்துவிடலாம் என்றும் எண்ணக்கூடாது. அனுமதியின்றி வீதியில் பனியைக் கொட்டுவதை ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் தடை செய்கிறது.

பற்றரியில் இயங்குபவை இரு வகையிலும் வருகின்றன. சத்தம் குறைவு, பெற்றோல் தொல்லை இல்லை. கடுங்குளிரில் பற்றரியின் கொள்ளளவு குறையும் என்பதால் அதைக் கழற்றி வீட்டுக்குள் வைக்க வேண்டும். சிறிய டிரைவ்வேக்கு நல்லது.

பெற்றோல் வகையை வாங்குபவர்கள் இங்கே வயலில் நீர் இறைக்கும் பம்பைப் பராமரித்த அனுபவத்தை அப்படியே நம்பக்கூடாது. அங்குள்ள பெற்றோலில் எத்தனோல் கலந்திருப்பதால், மார்ச் மாதம் தாங்கியில் விட்டுவைத்த மிச்சம் அடுத்த டிசம்பருக்குள் கெட்டு, காபரேற்றரின் நுண்துளைகளைப் பிசினாக அடைத்துவிடும். பருவம் முடிந்ததும் தாங்கியை வெறுமையாக்கி, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். அல்லது பெற்றோலைக் கெடாமல் வைக்கும் திரவத்தைக் கலந்து சில நிமிடங்கள் ஓட விடுங்கள். பழைய இயந்திரம் வாங்கப் போகும்போது, விற்பவர் உங்கள் வருகைக்கு முன்பே அதை ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறாரா என்று என்ஜினின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் கயிற்றை இழுத்துத் தொடங்குவதுதான் உண்மையான சோதனை.

எந்த வகையானாலும், ஈரப்பனி குழாயை அடைக்கும். அப்போது கையை உள்ளே விட்டுத்தான் பலர் விரல்களை இழந்திருக்கிறார்கள். என்ஜினை நிறுத்திய பின்னரும், அடைபட்ட திருகில் முறுக்கு விசை தேங்கி நிற்கலாம். அடைப்பு விலகும் கணத்தில் அது ஒரு சுற்றுச் சுழன்றுவிடும். இயந்திரத்தோடு தரும் பிளாஸ்ரிக் கரண்டியாலோ ஒரு தடியாலோ மட்டுமே கிளற வேண்டும். கராஜுக்குள் கதவைத் திறந்து வைத்தும் என்ஜினை ஓட விடக்கூடாது. என்ஜின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமில்லாமலே கொல்லும்.

இரட்டை நிலை வாங்குபவர்கள் அதே நாளில் அதற்குரிய ஷியர் பின்கள் சிலவற்றையும் வாங்கிவிட வேண்டும். திருகில் கல்லோ பத்திரிகைக் கட்டோ சிக்கினால், பெறுமதியான கியர்ப் பெட்டி உடையாமல் இந்தச் சிறிய ஆணி முறிந்து கொடுக்கும். அதன் இடத்தில் கைக்கு அகப்பட்ட சாதாரண போல்ட்டைப் பூட்டினால் அடுத்த முறை முறிவது கியர்ப் பெட்டியாகத்தான் இருக்கும். பெரும்பனி கொட்டிய மறுநாள் கடையில் இந்த ஆணி கிடைப்பது அரிது.