கரித்தூளைக் கொட்டி நெருப்பை அமுக்கிய கதை

நிலக்கரி மூட்டை பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் கட்டியைவிடத் தூளும் பொடிக்கரியும்தான் கையில் வரும். வீணாக்க மனமில்லாமல் ஒருநாள் இரவு அதைக் கணப்படுப்பில் அப்படியே கவிழ்த்தேன். கட்டிகளுக்கு நடுவே காற்று போகும் சந்தெல்லாம் அடைத்துக்கொண்டு, தணல் கறுத்துப்போனது. கொஞ்ச நேரத்தில் உள்ளே தேங்கிய வாயு ‘பொக்’கென்று பற்றி, அடுப்புக் கதவிடுக்கில் புகையைக் கக்கியது. மறுநாளே, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேர்ந்தால் ஒலிக்கும் அலாரம் மாட்டினேன்.

இப்போதெல்லாம் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் சலிக்கிறேன். இல்லாவிட்டால் மூக்கைச் சிந்தினாலும் கறுப்புதான்! கட்டிகள் நேராக அடுப்புக்கு. தூளை ஈரமாகப் பிசைந்து, செய்தித்தாளில் எலுமிச்சை அளவு பொட்டலமாக மடித்து, நன்றாகக் கனலும் நெருப்பின் ஓரத்தில் ஒன்றிரண்டு மட்டும் வைப்பேன். மறுபக்கம் சுடர் தெரிந்தபடியே இருக்க வேண்டும். கிளம்பும் வாயுவை அதுதான் உடனுக்குடன் எரித்துவிடும்.