சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பிள்ளைக்கு வீட்டிலேயே நெஞ்சுச் சளி எடுப்பது எப்படி?

"நெஞ்சில சளி இருக்கிற புள்ளய ஓட விடாத, பனியில இறக்காத" என்று தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஆளாளுக்குச் சொல்வார்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பிள்ளைக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. அந்தப் பிள்ளை ஓடவும் வேண்டும், இருமவும் வேண்டும்.

இது பனியால் வருவதில்லை, ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான சிஎஃப்டிஆர் மரபணு வந்து சேர்ந்தால்தான் வரும். அந்த மரபணுவைக் கண்டுபிடித்தது 1989இல். அது பழுதானால் உப்பும் நீரும் உயிரணுச் சவ்வைச் சரியாகக் கடப்பதில்லை. சளி கெட்டியாகி மூச்சுக்குழாய்களில் அப்பிக்கொள்கிறது; அதில் கிருமி தங்கிவிடுகிறது. அதனால் சளி தெரியாத நாளிலும் பயிற்சியை விடக்கூடாது. முதல் தடவை இயன் மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) முன்னால் செய்து காட்டிவிட்டு, பிறகு வீட்டில் தொடருங்கள்.

தொடங்குமுன்

சாப்பிட்ட உடனே வேண்டாம், வாந்தி வரும். ஒன்றரை மணி நேரமாவது போகட்டும். விறகடுப்புப் புகை வராத இடமாகப் பாருங்கள், இஸ்தோப்பு (முன் திண்ணை) நல்லது. ஒரு கதிரை, துவாய், துப்ப மூடியுள்ள டப்பா போதும்.

மருந்து எழுதித் தந்திருந்தால் அதற்கும் வரிசை உண்டு. குழாயை விரிக்கும் சல்பியூட்டமோல் முதலில். அடுத்து, மருந்தை நுண்துளியாக்கி மூச்சோடு இழுக்க வைக்கும் கருவியான நெபுலைசரில் 3 அல்லது 7 சதவீத உப்புக்கரைசல். அதன்பின் பயிற்சி. உள்ளிழுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி இருந்தால், சளி வெளியேறிய பிறகு கடைசியில். உப்புக்கரைசலை வீட்டில் கலக்காதீர்கள். அது கிருமிநீக்கிய குப்பியில் வருவது. நொச்சி போட்டு ஆவி பிடிப்பது இதற்கு ஈடாகாது, கொதிநீர் பிள்ளைமேல் கொட்டும் ஆபத்து வேறு.

மூச்சு

தோளைத் தளர்த்தி நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். அரை நிமிடம், ஒரு நிமிடம் வயிறு மெல்ல எழுந்து தாழச் சாதாரண மூச்சு. பிறகு மூக்கால் ஆழமாக இழுத்து, மூன்று எண்ணும்வரை அடக்கி, வாயால் மெதுவாக விட வேண்டும். இப்படி மூன்று நான்கு தடவை. அடக்கும் அந்த நேரத்தில்தான் காற்று சளிக்குப் பின்னால் போய்ச் சேர்கிறது. அதற்குமேல் தொடர்ந்து இழுத்தால் தலை சுற்றும்.

ஊதல்

முழு வேலையும் இதில்தான் இருக்கிறது, பலர் பிழைவிடுவதும் இங்கேதான். காலையில் நுவரெலியாப் பக்கம் ஜன்னல் கண்ணாடி சில்லென்றிருக்கும். அதில் ஆவி படியும்படி வாயை 'ஓ' என்று திறந்து, "ஹா…" என்று ஊதச் சொல்லுங்கள். மெழுகுதிரி அணைப்பதுபோல் உதடு குவிந்தால் கண்ணாடியில் ஒன்றும் படியாது. பிள்ளைக்கே பிழை விளங்கிவிடும். தொண்டையை இறுக்கி உறுமவும் கூடாது. வயிறு உள்ளே போக வேண்டும்.

முதலில் நடுத்தர மூச்சு எடுத்து நீளமாக ஊத வேண்டும். ஆழத்தில் இருக்கும் சளி மேலேறும். நெஞ்சில் கரகரப்பு மேலே வந்ததும் பெரிய மூச்சு எடுத்து ஒரே வீச்சில் சுருக்கமாக ஊதி, இருமித் துப்பலாம். ஒன்றிரண்டு ஊதலுக்குப் பின் மறுபடி சாதாரண மூச்சு. இந்தச் சுற்றைப் பத்திருபது நிமிடம், அல்லது இரண்டு சுற்றில் தொடர்ந்து சளி வராமல் போகும்வரை செய்யுங்கள்.

நாலைந்து வயதிலிருந்தே விளையாட்டாகப் பழக்கலாம். கைக்குழந்தைக்கு வேறு முறை. தலைகீழாகச் சாய்த்து முதுகில் தட்டும் பழைய வழக்கம் இப்போது இல்லை, வயிற்றில் உள்ளது மேலே ஏறிவிடும்.

இருமல் மருந்து கொடுத்து இருமலை அடக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வெளியே வரவேண்டியது உள்ளேயே கிடந்துவிடும்.

ஓட்டமும் ஏற்றமும்

தோட்டத்துப் பிள்ளைக்கு ஜிம் எதற்கு? லயத்துப் படியே இருக்கிறது. மேலே ஏறும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் அளவு. ஸ்கிப்பிங், எல்லே, சைக்கிள் எல்லாம் சரி. ஆனால் விளையாடியாயிற்று என்று ஊதலை விட்டுவிட முடியாது.

இந்தப் பிள்ளைகளின் வியர்வையில் உப்பு அதிகமாகப் போகும். குளிர்தானே என்று இருக்காமல் தண்ணீரும் உப்பும் கொடுங்கள். எவ்வளவு என்று கிளினிக்கில் கேளுங்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நுரையீரல் ஏற்கெனவே மோசமாயிருந்தால் ஏற்றப் பயிற்சிக்கு முன் வைத்தியரிடம் கேட்டே ஆக வேண்டும். கொழுந்து மலையில் மருந்தடிக்கும் நாளில் அந்தப் பக்கமே வேண்டாம்.

சளியில் இரத்தக்கோடு தெரிந்தால் அன்றைக்கே கிளினிக்குக்குச் சொல்லுங்கள். வாய் நிறைய இரத்தம், திடீர் நெஞ்சுவலி, உதடு நீலம், பேச முடியாத மூச்சுத்திணறல் என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு நேரே ஆஸ்பத்திரி.

கழுவுவது

நெபுலைசரின் கிண்ணத்தையும் வாய்க்குழாயையும் ஒவ்வொரு தடவையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கொதிக்க வைக்கலாம் என்று பெட்டியில் போட்டிருந்தால் 5 நிமிடம் கொதிக்க விடுங்கள். காயவைப்பதுதான் நம் பக்கத்தில் சிரமம், மூட்டம் போட்டால் எதுவும் காயாது. அதற்காக அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் கரி படியும். ஈரத்தில் கிருமி வளரும். சுத்தமான துவாயில் பரப்பிக் காற்றில் வையுங்கள். மழை மாதங்களில் மாற்றி மாற்றிப் பாவிக்க இன்னொரு செட் கிடைக்குமா என்று அடுத்த கிளினிக்கில் கேட்டுவிடுங்கள்.