கீபாஸ் எக்ஸ்சி: பாஸ்வேர்டுகளைக் கணினியில் பத்திரமாக வைப்பது எப்படி?

லேப்டாப்பைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தேன். கடையில் கேட்டார்கள் என்று லாகின் பாஸ்வேர்டையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, டெஸ்க்டாப்பில் ‘முக்கியம்’ என்ற பெயரில் ஒரு எக்செல் கோப்பு இருக்கிறதே! வங்கி, மின்னஞ்சல், வருமான வரி, பிஎஃப் எல்லாம் அதில்தான். எதுவும் களவு போகவில்லை. ஆனாலும் அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. லேப்டாப் திரும்பி வந்ததும் எல்லா பாஸ்வேர்டையும் மாற்றி, பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் கீபாஸ் எக்ஸ்சி என்ற மென்பொருளுக்கு வந்துவிட்டேன்.

குரோமிலேயே சேமிக்கலாமே என்பீர்கள். எக்செல்லுக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் விண்டோஸ் லாகின் பாஸ்வேர்ட் தெரிந்தவர் அதையும் திறந்து பார்த்துவிடலாம். கீபாஸ் எக்ஸ்சி இலவசம், யாரும் அதன் நிரலைப் பார்க்கக்கூடிய திறமூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். எல்லாமே கேடிபிஎக்ஸ் என்ற ஒரே கோப்பில், 256 பிட் ஏஇஎஸ் என்ற குறியாக்க (என்கிரிப்ஷன்) பூட்டுக்குள் இருக்கும். அந்தக் கோப்பு நம் கையிலேயே இருப்பதால்தான் எனக்கு இது பிடித்திருக்கிறது.

1. அதிகாரப்பூர்வ தளத்தில் மட்டும் இறக்கி நிறுவுங்கள்.

2. ‘கிரியேட் டேட்டாபேஸ்’ அழுத்திப் பெயர் கொடுங்கள். அடுத்து வரும் என்கிரிப்ஷன் பக்கத்தில் எதையும் தொட வேண்டாம்.

3. முதன்மை பாஸ்வேர்ட், அதாவது இந்தக் கோப்பையே திறக்கும் பாஸ்வேர்ட். இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். இரண்டு பெட்டியிலும் தட்டினேன், இரண்டும் பொருந்தின, கோப்பும் உருவானது. மறுநாள் அதே பாஸ்வேர்டைப் போட்டால் தவறு என்கிறது. அரை நாள் போராடிய பிறகுதான் காரணம் புரிந்தது. முந்தைய நாள் தமிழ்99 விசைப்பலகை ஆனில் இருந்திருக்கிறது. நான் எச் என்று நினைத்துத் தட்டியது ‘க’ ஆகவும், கே ‘ம’ ஆகவும் விழுந்திருக்கின்றன. திரையில் வெறும் புள்ளிகள்தானே தெரியும்! அதனால் பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் படத்தை அழுத்தி, தட்டியதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்ததுக்குப் போங்கள். கோப்பை ஒருமுறை பூட்டித் திறந்தும் பாருங்கள்.

பாஸ்வேர்ட் எப்படி இருக்க வேண்டும்? திருக்குறள் முதலடி, பாட்டு வரி, பிள்ளைகள் பெயர் எதுவும் வேண்டாம். அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஆறு இடத்தில் திறந்து, விரல் பட்ட சொற்களை ஆங்கில எழுத்தில் வரிசையாகத் தட்டுங்கள். நத்தை, ஏணி, குடம் என்ற மாதிரி. இதை மறந்தால் மீட்க வழியே கிடையாது, ‘ஃபர்காட் பாஸ்வேர்ட்’ பொத்தான் இங்கே இல்லை. ஒரு தாளில் எழுதி, பத்திரங்களோடு பீரோவில் வையுங்கள்.

4. கூட்டல் குறியை அழுத்தி ஒவ்வொரு கணக்காகச் சேருங்கள். பகடை படத்தை அழுத்தினால் அதுவே புது பாஸ்வேர்ட் உருவாக்கும். 20 எழுத்து வையுங்கள், நாம் மனப்பாடம் செய்யப் போவதில்லையே.

5. பயன்படுத்தும்போது கன்ட்ரோல் பி பயனர்பெயரையும், கன்ட்ரோல் சி பாஸ்வேர்டையும் நகலெடுக்கும். நகலெடுத்தது தங்கும் கிளிப்போர்டிலிருந்து 10 நொடியில் தானே அழிந்துவிடும், அதற்குள் ஒட்டிவிடுங்கள்.

6. செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதிக்குப் போய், சும்மா இருந்தால் தானே பூட்டிக்கொள்ளும் வசதியை டிக் செய்யுங்கள். அப்புறம் கோப்பின் நகல் ஒன்று பென்டிரைவில் இருக்கட்டும்.

பிற்சேர்க்கை: குரோமில் இருந்த பாஸ்வேர்டுகளைச் சிஎஸ்வி என்ற சாதாரண எழுத்துக் கோப்பாக எடுத்து, கீபாஸ் எக்ஸ்சியில் இம்போர்ட் செய்த ஒருவர், அந்தக் கோப்பு டவுன்லோட்ஸிலேயே கிடப்பதாகச் சொன்னார். அதில் எல்லாம் பச்சையாகத் தெரியும். உடனே ஷிப்ட் டெலீட் செய்யுங்கள்.

இன்னொருவர் ஆண்ட்ராய்டில் என்ன செய்வது என்று கேட்டார். கீபாஸ் டிஎக்ஸ் என்ற ஆப் அதே கேடிபிஎக்ஸ் கோப்பைத் திறக்கும். போனில் ஒன்று, கணினியில் ஒன்று என இரண்டு பிரதிகள் வேறுபட்டுப் போனால் எதையும் அழிக்காதீர்கள். கணினியில் டேட்டாபேஸ் மெனுவில் ‘மெர்ஜ் ஃப்ரம் டேட்டாபேஸ்’ கொடுத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.