பொகோட்டாவைச் சுற்றிப் பார்க்கக் கிழமை பார்த்துத் திட்டமிடுவது எப்படி?

கொலம்பியாவின் தலைநகரில் எவற்றைப் பார்ப்பது என்பதைவிட, எதை எந்தக் கிழமையில் பார்ப்பது என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டும். விசா, விமானம், விடுதி ஆகிய ஏற்பாடுகள் முடிந்துவிட்டன என்று கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால், முதல் நாள் மூச்சு வாங்கும். அன்று மலையேற்றம் வேண்டாம். பழைய நகரப் பகுதியான லா கந்தெலாரியாவிலும், பேராலயமும் நாடாளுமன்றமும் நிற்கும் பொலிவார் சதுக்கத்திலும் மெல்ல நடந்தால் போதும்.

படி 2: பலரும் இடறும் இடம் இதுதான். தங்க அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. அங்கிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய பொத்தேரோ அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. ஆகவே இரண்டையும் ஒரே நாளில் பார்க்க விரும்புவோர் இவ்விரு கிழமைகளையும் தவிர்க்க வேண்டும். தங்க அருங்காட்சியகத்தில் ஞாயிறன்று அனுமதி இலவசம் என்றாலும் கூட்டம் மிகுதி. 1969-இல் பஸ்கா என்ற ஊரருகே ஒரு குகையில் கிடைத்த, ஏறத்தாழ 20 செ.மீ. நீளமே உள்ள, முயிஸ்கா என்ற பழங்குடியினர் செய்த பொன் தெப்பத்தை நின்று நிதானமாகப் பார்க்க, புதன்கிழமை கட்டணம் கொடுத்துச் செல்வதையே நான் பரிந்துரைப்பேன். ஓவியர் பெர்னாண்டோ பொத்தேரோ தம் படைப்புகளோடு, தாம் சேகரித்த பிக்காசோ, மோனே ஓவியங்களையும் வழங்கி உருவான பொத்தேரோ அருங்காட்சியகத்துக்கு எந்நாளும் கட்டணமில்லை.

படி 3: ஞாயிறு காலை 7 முதல் பிற்பகல் 2 மணி வரை, நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகள் மோட்டார் வாகனங்களுக்கு மூடப்பட்டு, மிதிவண்டிக்கும் நடைக்கும் விடப்படுகின்றன. 1974 முதல் இவ்வழக்கம் உண்டு.

படி 4: 3,152 மீட்டர் உயரமுள்ள மொன்செராத்தே மலைக்கு, மேகம் திரளும் முன், வார நாளின் காலையில் மலை ரயிலிலோ கம்பிவட ஊர்தியிலோ செல்லுங்கள். ஞாயிறன்று உச்சியிலுள்ள தேவாலயத்தில் வழிபட வருவோர் வரிசை நீளும்.

படி 5: நகரின் விரைவுப் பேருந்துச் சேவையான டிரான்ஸ்மிலேனியோவின் பேருந்தில் நடத்துநர் இல்லை, நிலையத்திலேயே அட்டை வாங்கிப் பணம் ஏற்ற வேண்டும். தடப்பெயரின் முதலெழுத்து பேருந்து சென்றுசேரும் பகுதியைக் குறிப்பதால், திரும்பும்போது வேறு எழுத்தைத் தேட வேண்டும்.

பின்சேர்க்கை: திங்கள் பொது விடுமுறையானால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தனர். 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பல விடுமுறைகள் திங்களுக்கு நகர்த்தப்படுகின்றன. அன்றும் தங்க அருங்காட்சியகம் திறக்காது, ஆனால் மிதிவண்டிச் சாலைகள் உண்டு.