சிப்பில் எவ்வளவு பொருத்துவது? பரப்பு பிளாஸ்மான் ஒத்ததிர்வுச் சோதனைக்கு ஒரு வழிகாட்டி

சிப்பின் மேலுள்ள, சுமார் 50 நானோமீட்டர் தடிமனுள்ள தங்கப் படலத்தின் மேல் ஒரு மூலக்கூறைப் பொருத்தி, இன்னொன்றைக் கரைசலாக அதன் மீது ஓடவிட்டால், இரண்டும் சேரும்போது பரப்பை ஒட்டிய ஒளிவிலகல் எண் மாறுகிறது. படலத்தின் மறுபக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒளி எந்தக் கோணத்தில் மிகவும் மங்குகிறதோ, அந்தக் கோணமும் உடன் நகர்கிறது. பயாகோர் போன்ற கருவிகள் இந்த நகர்வை ஆர்.யு. (ரெஸ்பான்ஸ் யூனிட்) என்ற அலகில் வரைகின்றன. புரதங்களுக்கு 1 ஆர்.யு. என்பது சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1 பிகோகிராம்.

பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற சிறிய புரதத்தையும் அதற்கான எதிர்ப்பொருளையும் எடுத்துக்கொள்வோம். எதிர்ப்பொருளைக் கரைசலில் ஓடவிட்டால், அது தன் இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, உள்ளதைவிட வலுவான பிணைப்பைக் காட்டும். ஆகவே அதைத்தான் சிப்பில் பொருத்த வேண்டும்.

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது பொருத்தும் அளவில்தான். சைகை பெரிதாக வரட்டும் என்று 5,000 ஆர்.யு. வரை ஏற்றிவிடுகிறார்கள், அப்போது பிணைப்பின் வேகத்தை அல்ல, மூலக்கூறு பரப்புக்கு வந்து சேரும் வேகத்தையே அளக்க நேரிடும். மூலக்கூறு எடையில் எதிர்ப்பொருள் 150 கிலோடால்டன், பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் சுமார் 12, பிணைப்பிடங்கள் இரண்டு. 500 ஆர்.யு. பொருத்தினால் உச்சபட்சச் சைகை 12/150 × 500 × 2, அதாவது 80 ஆர்.யு. சேரும், பிரியும் வேகங்களைக் குறிக்கும் வேகமாறிலிகளைக் கணக்கிட இதுவே தாராளம்.

எதிர்ப்பொருள் வந்த குப்பியின் லேபிளை முதலில் படியுங்கள். அதில் டிரிஸ் பஃபர் இருந்தால், அதன் அமீன் தொகுதியே சிப்பின் வினைமுனைகளைப் பிடித்துக்கொள்ளும். பஃபரை மாற்றாமல் தொடங்க வேண்டாம். பிறகு 10 மில்லிமோலார் சோடியம் அசிடேட்டில், பிஎச் 4.0 முதல் 5.5 வரை, எதில் எதிர்ப்பொருள் சிப்பைப் போர்த்தியுள்ள டெக்ஸ்ட்ரான் (சர்க்கரைச் சங்கிலி) பரப்பில் போதிய அளவு திரள்கிறது என்று பார்த்து, அவற்றுள் அமிலத்தன்மை குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். பரப்பை வினைக்குத் தயாராக்கும் வேதிப்பொருட்களான 0.4 மோலார் இடிசியையும் 0.1 மோலார் என்எச்எஸ்ஸையும் சம அளவில் கலந்து 7 நிமிடம் செலுத்தி, எதிர்ப்பொருளைப் பொருத்தி, எஞ்சிய முனைகளை 1 மோலார் எத்தனோலமீனால் அடையுங்கள். ஒப்பிட்டுக் கழிப்பதற்கான தனித் தடத்துக்கு (ஒப்பீட்டுத் தடம்) எதிர்ப்பொருளைத் தவிர மற்ற அனைத்தையும் செய்ய வேண்டும்.

எதிர்பார்க்கும் விலகல் மாறிலியின் (பாதிப் பிணைப்பிடங்கள் நிரம்பும் செறிவு, KD) பத்தில் ஒரு பங்கு முதல் பத்து மடங்கு வரையிலான பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் செறிவுகளை, நிமிடத்துக்கு 30 மைக்ரோலிட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட வேகத்தில் செலுத்துங்கள். இடையிடையே வெறும் பஃபரையும் செலுத்தி, ஒப்பீட்டுத் தடத்தோடு அதையும் கழிக்க வேண்டும். பிணைந்தவை பிரிவதைக் காட்டும் விலகல் வளைவு குறைந்தது 5 சதவீதமாவது இறங்கும் வரை பொறுத்திருங்கள்.

பிணைந்ததை அகற்றிப் பரப்பைப் புதுப்பிக்க, 10 மில்லிமோலார் கிளைசினை பிஎச் 2.5-இல் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டுமே 1.5 வரை இறக்குங்கள். கடைசியில் நடுத்தரச் செறிவு ஒன்றை மறுபடியும் செலுத்திப் பாருங்கள். இரு வளைவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படியாவிட்டால், புதுப்பிக்கும் முறையை மாற்றிப் புதிய பரப்பில் தொடங்குவதே சரி.